மீன் தராசின் முன்னே தூய வாழ்வு இயலுமா?

பாம்பன்கரை:
பாம்பனில் மீனை எடைபோட்டு வாங்கி, வெளியூர் வண்டிகளில் ஏற்றிவிடும் தொழில் செய்கிறேன். ஞாயிறு திருப்பலி, இரவுச் செபமாலை, ஆண்டுதோறும் ஓரியூர்த் திருப்பயணம் ஆகியவற்றில் குறை வைத்ததில்லை. ஆனால் விடியற்காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் வேறோர் ஆளாகிவிடுகிறேன். ஐஸ் தண்ணீருக்கென்று பெட்டிக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ கழிக்கிறேன். நாட்டுப்படகுக்காரர் எவராவது கேட்டால் குரலையும் உயர்த்துகிறேன். என்னிடம் முன்பணம் வாங்கியவர் மீனை வேறெங்கும் கொண்டுபோக மாட்டார் என்பது எனக்குத் தெரியும். 1693-இல் ஓரியூரில் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காகத் தலையையே கொடுத்தார். என்னிடம் கேட்கப்படுவது ஒரு கிலோ மீன். அதைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. தூய வாழ்வு குருக்களுக்கும் துறவிகளுக்கும் உரியது என்று விட்டுவிடுவதா, இன்னும் கூடுதலாகச் செபிப்பதா?

மறைக்கல்வி ஆசிரியர் (ஓய்வு):
ஐயா, விட்டுவிடும் வழியை, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரிலேயே அடைத்துவிட்டது. (தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு ஒரு மாதம் முன்பு என்பதால் இந்தத் தேதி எனக்கு மறப்பதில்லை.) திருச்சபையைப் பற்றி அச்சங்கம் வெளியிட்ட ஏட்டின் ஐந்தாம் அதிகாரம், எந்த நிலையில் வாழ்பவராயினும் கிறிஸ்தவர் அனைவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்களே என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது.

கூடுதல் செபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தூயோராய் இருங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும், விவிலியத்தின் லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பலியைப் பற்றிச் சில வசனங்கள் உண்டு. ஆனால் வயலோரத்துக் கதிரை ஏழைக்கு விட்டுவைப்பதும், கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திராததும், அண்டை வீட்டாரைப் பற்றிப் புறங்கூறாததும் அதே மூச்சில்தான் வருகின்றன. 35, 36-ஆம் வசனங்களுக்கு வந்தால் தராசும் எடைக்கல்லுமே பேசப்படுகின்றன. உங்கள் தராசு தூய்மைக்குக் குறுக்கே வந்து நிற்கும் பொருள் என்று நினைக்கிறீர்கள். அது அந்த அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது.

இராமநாதபுரம் வாசகன்:
சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தராசைச் சரிசெய்தவுடன் பரிசுத்தவானாகிவிட்டேன் என்ற எண்ணம் வந்தால், அது இரண்டு கிலோவைவிடப் பெரிய கேடு. லூக்கா 19-இல் வரி வசூலிக்கும் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதற்கு முன்பே இயேசு அவனைப் பேர் சொல்லி அழைத்து, உன் வீட்டிலே தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முந்தியது கிருபை, கணக்குத் தீர்த்தது அதன் கனி. எபிரெயர் 12:14-உம் யாவரோடும் சமாதானத்தையும் பரிசுத்தத்தையும் சேர்த்தே நாடச் சொல்கிறது. நாட்டுப்படகுக்காரரோடு சமாதானம் இல்லாமல் பரிசுத்தத்தை மட்டும் நாட உங்களுக்கு வழியில்லை.

கருவாட்டுக்கூடை:
தம்பி, நான் உங்கள் தராசுக்கு மறுபக்கம் நிற்பவள். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறார். வலை கிழிந்தாலும் இஞ்சின் பழுதானாலும் எங்களுக்கு முன்பணம்தான் கதி. விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில் எங்கள் மீனுக்கு நல்ல விலை உண்டு. அப்போதும் பெட்டிக்கு ஒரு கிலோ எங்கேயோ போய்விடுகிறது. உங்களைப் போன்றவர்கள் செபமாலை சொல்வதும் எங்களுக்குத் தெரியும், அதனால்தான் வாய் திறக்காமல் நிற்கிறோம். கழிவு எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதித் தராசின் பக்கத்தில் மாட்டுங்கள். முன்பணம் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் அதே எண் இருக்கட்டும்.

பாம்பன்கரை:
மூவருக்கும் நன்றி. பலகை மாட்டிவிட்டேன். நேற்றிரவு பழைய கணக்கேட்டை எடுத்துப் பார்த்தேன். யாருடைய பெட்டி எத்தனை என்பது அதில் இருக்கிறது. சகேயுவைப் போல நாலத்தனை கொடுக்க என்னால் ஆகாது. எடுத்ததை மட்டும் அவரவர் முன்பணக் கணக்கில் கழித்துவிட்டால் போதுமா, அக்கா?

கருவாட்டுக்கூடை:
கழியுங்கள், தம்பி. எதற்காகக் கழிக்கிறீர்கள் என்பதை அவரவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கழியுங்கள்.