பிரெக்ஸிட்டில் ஓட்டுப் போட்ட நம்மவர்கள்: கேட்டதும் தெரிந்ததும்

அண்ணா நகர்:

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா (பிரெக்ஸிட்) என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொது வாக்கெடுப்பைச் சென்னையில் யார் பேசினாலும், அது ஏதோ வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை மாதிரிதான் பேசுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களும் அதில் ஓட்டுப் போட்டார்கள் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், 18 வயது, பிரிட்டனில் முறையான விசாவோடு குடியிருப்பு, பட்டியலில் பெயர். இவ்வளவு இருந்தால் போதும். முந்தைய செப்டம்பரில் எம்.எஸ். படிக்கப் போன பையனுக்கும் ஓட்டு இருந்தது.

அவன் பக்கத்து மேஜையில் இருபது வருடமாக வேலை பார்த்து வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கு ஓட்டு இல்லை. போலந்துக்காரருக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாட்டவரில் அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ் மூன்றுக்கு மட்டுமே அனுமதி. 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் நடந்த தனிநாட்டு வாக்கெடுப்பில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர் எல்லோருக்கும், 16 வயதுப் பிள்ளைகளுக்கும்கூட ஓட்டு இருந்தது. அதனால் இந்த வித்தியாசம் பலருக்கு உறுத்தியது. யாருடைய வாழ்க்கை அதிகமாக மாறப்போகிறதோ அவர் வெளியே நிற்க, நேற்று வந்த நாம் உள்ளே போய்க் குறி போடுகிறோமே என்ற சங்கடம். ஓட்டுப் போட்ட நம்மவர்களிடம் பேசினால் முதலில் வருவது இதுதான்.

அங்கே ஓட்டுப் போட்டவர்களோடு பழகியவர்கள், அவர்கள் என்ன காரணத்துக்காக எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிந்ததை எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

பெரம்பூர்:

காரணம் என்று கேட்டதால் சொல்கிறேன். நம்மவர்கள் எல்லோரும் 'இருக்கலாம்' பக்கம் போட்டார்கள் என்று நினைப்பது தவறு. லண்டன் முழுக்க எடுத்தால் 'இருக்கலாம்' கிட்டத்தட்ட 60 சதவீதம். ஆனால் தமிழர்களும் குஜராத்திகளும் நிறைய இருக்கும் ஹேரோவில் அது 55-ஐ ஒட்டித்தான் வந்தது. ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாமில் 53. லண்டனை ஒட்டிய ஸ்லவ், பஞ்சாபிகள் அதிகம் வாழும் ஊர். அங்கே 'விலகலாம்' 54 சதவீதம் வாங்கி ஜெயித்தது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2012 ஜூலையிலிருந்து, பிரிட்டனில் இருப்பவர் வெளிநாட்டிலிருந்து மனைவியையோ கணவனையோ கூட்டிவர வேண்டுமானால் ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய ஒருவர் சென்னையில் கல்யாணம் செய்துகொண்டால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஆங்கிலத் தேர்வு என்று மாதக்கணக்கில் அலைவார். ஸ்பெயினிலிருந்து வேலைக்கு வந்தவர் தன் மனைவியைக் கூட்டிவர அன்று அந்த வருமான வரம்பு இல்லை. சமையல்காரர் விஷயமும் இப்படித்தான். 2016-இல் நம் ஊரிலிருந்து ஒரு தோசை மாஸ்டரைக் கூட்டிப் போக 29,570 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டியிருந்தது. சின்ன ஓட்டல் முதலாளியால் அது முடியாது. ஐரோப்பியரின் தடையற்ற வரவு நின்றால் நமக்குக் கதவு திறக்கும் என்று விலகல் தரப்பு நேரடியாகவே பிரச்சாரம் செய்தது. அதை நம்பிப் போட்டவர்களை இனவெறிக்காரர்கள் பக்கம் நின்றவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது அநியாயம்.

மயிலாப்பூர்:

பூத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். இங்கே மை, அடையாள அட்டை, விவிபாட் சீட்டு ஏழு விநாடி தெரிவது எல்லாம் பழகியவர்களுக்கு அங்கே போனால் கை நடுங்கும்.

நாள் வியாழக்கிழமை, விடுமுறை இல்லை. காலை 7 முதல் இரவு 10 வரை. இடம் பள்ளி, நூலகம், சர்ச் ஹால். பெயரும் முகவரியும் வாயால் சொன்னால் போதும். வட அயர்லாந்து தவிர வேறெங்கும் அன்று அடையாள அட்டை கேட்கவில்லை. விரலில் மை கிடையாது. பட்டியலில் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டுச் சீட்டைத் தருவார்கள். மறைப்புக்குள் ஒரு பென்சில் தொங்கும். அந்தப் பென்சில்தான் பெரிய கலவரத்தைக் கிளப்பியது. அழித்து மாற்றிவிடுவார்கள் என்று வதந்தி பரவி, பலர் சொந்தப் பேனாவோடு போனார்கள். பேனாவால் போடுவதற்குத் தடை எதுவும் இல்லை.

நம்மவர்கள் குழம்பிய இடம் வேறு. சீட்டில் இரண்டே கட்டம். வேண்டியதில் பெருக்கல் குறி போட வேண்டும். நமக்கோ ஒன்றாம் வகுப்பிலிருந்து பெருக்கல் குறி என்றால் தப்பு, டிக் என்றால் சரி. வேண்டிய கட்டத்தில் டிக் மட்டும் போட்டால் எண்ணம் தெளிவாக இருப்பதால் செல்லும். ஒன்றில் டிக், மற்றதில் பெருக்கல் என்று போட்டால் அது சந்தேகச் சீட்டுகளின் குவியலுக்குப் போய், அதிகாரி பார்த்து முடிவெடுக்க வேண்டியதாகிவிடும். இரண்டு கட்டத்திலும் ஓட்டு என்று தெரிந்தாலோ, வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தாலோ செல்லாது. நாடு முழுக்கச் செல்லாமல் போனவை 25,359 மட்டுமே. மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான சீட்டுகளில் இது மிகச் சொற்பம்.

வேளச்சேரி:

பெரம்பூர் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஓட்டு இருந்தும் போட முடியாமல் போனவர்களின் வருத்தத்தையும் எழுத வேண்டும். அதுதான் ஆறாதது.

பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஜூன் 7 நள்ளிரவு. அன்று இரவு கூட்டம் தாங்காமல் பதிவு செய்யும் இணையதளம் படுத்துவிட்டது. அவசரமாகச் சட்டம் திருத்தி ஜூன் 9 வரை நீட்டினார்கள். படிக்கப் போன பிள்ளைகளில் பலர் தேசியக் காப்பீட்டு எண் (அங்கே வேலை, வரிக் கணக்குக்கான எண்) இல்லாமல் பதிய முடியாது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். எண் இல்லாவிட்டாலும் காரணத்தை எழுதி விண்ணப்பிக்கலாம், நகராட்சி வேறு ஆவணம் கேட்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, அந்த வாரம் சென்னைக்கு வந்திருந்தவர்கள். தூதரகத்தில் போய்ப் போடலாம் என்று நுங்கம்பாக்கம் அலுவலகத்தை விசாரித்துப் பயனில்லை. பிரிட்டன் தன் தூதரகங்களில் வாக்குச்சாவடி வைப்பதில்லை. தபால் சீட்டு கேட்டாலும் அது இங்கே வந்து, திரும்பவும் அங்கே வாக்குப்பதிவு நாள் இரவு 10-க்குள் சேர வேண்டும். சேராமல் போனால் எண்ண மாட்டார்கள். ஒரே நல்ல வழி பதிலி: அங்கே ஓட்டுரிமை உள்ள ஒருவரை நமக்குப் பதிலாகப் போடச் சொல்லி முன்கூட்டியே விண்ணப்பிப்பது. இதிலும் ஒரு மனக்கஷ்டம் உண்டு. பதிலியாக அமைத்தவர் எதிர்ப் பக்கத்துக்காரர் என்றால், நாம் சொன்னபடிதான் போட்டார் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

சென்னைக்கே திரும்பி வந்துவிட்ட இந்தியக் குடிமக்களுக்கு ஓட்டு இல்லை. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கித் திரும்பியவர்களுக்கு, அங்கே பட்டியலில் கடைசியாக இருந்து 15 வருடம் தாண்டாமல் இருந்தால் அன்று ஓட்டு இருந்தது.

பாரிமுனை:

மறுநாள் காலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நமக்கும் லண்டனுக்கும் ஜூனில் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கிலாந்து நகரமான சண்டர்லேண்டில் விலகல் 61 சதவீதம் என்று வந்தபோது இங்கே விடியவில்லை. விலகல்தான் ஜெயிக்கிறது என்று பிபிசி அறிவித்தபோது இங்கே 9 மணி 10 நிமிடம் போல. நம் பங்குச் சந்தை 9.15-க்குத் திறக்கும்! சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் ஆயிரம் புள்ளிக்கு மேல் விழுந்து, முடிவில் 604 புள்ளி இறக்கத்தில் நின்றது. டாலருக்கு எதிராக பவுண்டு 1985-க்குப் பிறகு காணாத இறக்கம். நம் ரூபாயில் நூறை ஒட்டி இருந்த பவுண்டு தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு வந்தது.

ஒரே வீட்டில் இரண்டு விதமான முகம் தெரிந்தது இதனால்தான். மாதம் 500 பவுண்டு அனுப்பி இங்கே வீட்டுக் கடன் கட்டியவருக்கு 50,000 வந்த இடத்தில் 45,000 சொச்சம்தான் வந்தது. அதே தெருவில், செப்டம்பரில் 15,000 பவுண்டு கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய பெற்றோருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் மிச்சம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் சரக்கும் திருப்பூர் பனியனும் பவுண்டில் பில் போட்டு, வங்கியில் முன்பேர ஒப்பந்தம் (பவுண்டின் விலையை முன்கூட்டியே உறுதி செய்வது) செய்யாமல் விட்டிருந்தால் இறக்கம் அப்படியே லாபத்தைத் தின்றுவிடும். ஒப்பந்தம் போட்டவர்களுக்குப் பழைய விலையே கிடைத்தது. ஓட்டே இல்லாத இடத்தில் இவ்வளவு பாதிப்பு.

திருவான்மியூர்:

நம் அரசியல் சாசனத்தில் தேசிய வாக்கெடுப்புக்கு வழியே இல்லை என்பதால் இது நமக்கு அந்நியமாகத் தெரிகிறது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் போனால் புதுச்சேரி, அதற்குப் பக்கத்தில் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி இந்தியாவோடு இணைவதற்கு ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. சாதாரண மக்கள் போடவில்லை. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கின்றன.

மக்களே போட்டது 1967 ஜனவரி 16-இல் கோவாவில். மகாராஷ்டிரத்தோடு இணைப்பு என்றால் பூ, யூனியன் பிரதேசமாக நீடிப்பு என்றால் இரட்டை இலை. இரட்டை இலைக்கு 1,72,191, பூவுக்கு 1,38,170. அங்கேயும் கசப்பு இருந்தது. ஆனால் எந்தச் சின்னத்தில் போட்டாலும் மறுநாள் என்ன ஆகும் என்பது வாக்காளருக்குத் தெரியும். பிரிட்டனின் சீட்டில் 'விலகலாம்' என்று இருந்ததே தவிர, விலகி எங்கே நிற்பது என்று இல்லை. ஐரோப்பாவின் பொதுச் சந்தையில் இருந்துகொண்டே விலகுவதா, உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தை விட்டும் போவதா, அயர்லாந்து எல்லை என்ன ஆகும்? ஆளுக்கொரு விலகலை மனதில் வைத்துப் போட்டார்கள். யாருக்கும் தான் நினைத்தது அப்படியே கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை.

மயிலாப்பூர்:

திருவான்மியூர் சார் சொன்னதோடு இதையும் பாருங்கள். முதலில் கேள்வி 'உறுப்பினராக நீடிக்க வேண்டுமா' என்று ஆம், இல்லை பதிலோடுதான் இருந்தது. ஒரு பக்கம் சாய்கிறது என்று தேர்தல் ஆணையம் சொன்ன பிறகே 'அல்லது விலக வேண்டுமா' சேர்ந்தது. குறைந்தபட்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. 1979-இல் ஸ்காட்லாந்து சட்டமன்றத்துக்கான வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று விதி இருந்தது. போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆம் என்றும் அது தோற்றது. 2016-இல் விலகல் 1 கோடியே 74 லட்சம், மொத்த வாக்காளர் 4 கோடியே 65 லட்சம், அதாவது 37 சதவீதம்தான். வித்தியாசம் 12 லட்சத்து 69 ஆயிரம். 2024 பட்டியலில் சென்னையின் எந்த மக்களவைத் தொகுதியும் இதைவிடப் பெரியது. இத்தனை நெருக்கத்தில் தோற்ற பாதி நாடு எளிதில் சமாதானமாகாது.

பெரம்பூர்:

கடைசியாக வருந்தியவர்களைப் பற்றி. பிரிட்டனிலும் நம்மைப் போலத் தொகுதியில் முதலில் வருபவரே எம்.பி. ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கும் தொகுதியில் இருப்பவர், தன் ஓட்டால் எதுவும் மாறாது என்ற பழக்கத்தில் கோபத்தைக் காட்ட மட்டும் ஓட்டுப் போடுவார். வாக்கெடுப்பில் தொகுதி கிடையாது, ஒவ்வொரு சீட்டும் கணக்கில் சேரும். கோபத்தைக் காட்டப் போட்டேன், நடந்தே விடும் என்று நினைக்கவில்லை என்று பலர் சொன்னது இதனால்தான்.

துணையைக் கூட்டிவர நினைத்து விலகலுக்குப் போட்டவர்கள் நிலைமை இன்னும் வேதனை. 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பியரும் இந்தியரும், தகுதிக்குப் புள்ளி போட்டு விசா தரும் ஒரே முறைக்குள் வந்தார்கள். படிப்பு முடித்து இரண்டு வருடம் தங்கும் விசா 2021 ஜூலையில் வந்தது, நம் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பலன். ஆனால் அந்த 18,600 பவுண்டு வரம்பு 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. இவர்களிடம் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அப்போது வீட்டில் யாருக்கு விசா நிலுவையில் இருந்தது என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

வேளச்சேரி:

இந்த செப்டம்பரில் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு: காமன்வெல்த் ஓட்டுரிமை இன்னும் இருக்கிறது. வீடு மாறிய முதல் மாதமே அந்த முகவரியில் பதியச் சொல்லுங்கள். விடுதி மாறினால் திரும்பவும் பதிய வேண்டும். 2023 மே முதல் இங்கிலாந்தில் பூத்துக்குப் படம் உள்ள அடையாள ஆவணம் கட்டாயம். இந்திய பாஸ்போர்ட் செல்லும்.