ஸ்டீல் வெஞ்சென்ஸ் என்ற ரோலர் கோஸ்டர் மரக் கோஸ்டரா, இல்லையா? ‘மரச்சட்டம்’, ‘எஃகுப்பாதை’ என்ற புனைபெயர்களில் இருவர் விவாதிக்கிறார்கள்.

மரச்சட்டம்: பழைய மரக் கோஸ்டரின் பாதையைப் பிரித்துவிட்டு எஃகுப் பாதை போடுகிறார்கள், அதற்குக் கலப்பு வகை என்று பெயர். அப்படி உருவான ஸ்டீல் வெஞ்சென்ஸைச் சிறந்த மரக் கோஸ்டர் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மரப் பாதை என்பது பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தட்டையான இரும்புப் பட்டை பதித்தது. ரயில் ஏறும்போது அது கொஞ்சம் அமுங்கி எழும். அந்த அசைவு போனால் மரக் கோஸ்டரே போயிற்று.

எஃகுப்பாதை: அந்த அசைவுதான் நாளாக ஆக முதுகை உலுக்கும் குலுக்கலாகிறது. அமெரிக்காவின் சீடர் பாயின்ட் கேளிக்கைப் பூங்காவில் 1991இல் திறந்த மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற மரக் கோஸ்டரைப் பாருங்கள். பலகைகளை மாற்றியும் புகார் ஓயவில்லை, 2016இல் மூடினார்கள். கோஸ்டர் கட்டும் ஆர்.எம்.சி. (ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன்) நிறுவனம் அதே மரச்சட்டங்களில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு எஃகுப் பாதை போட்டது. 2018இல் ஸ்டீல் வெஞ்சென்ஸ் வந்தது. 161 அடி உயரம் 205 ஆனது, 90 டிகிரி இறக்கம், நான்கு தலைகீழ் திருப்பங்கள். தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி, பற்றவைத்துச் செய்யும் பாதை அது. அதனால்தான் இவ்வளவு முறுக்க முடிகிறது.

மரச்சட்டம்: வழவழப்புக்கு எஃகுதான் வேண்டுமா? 2006இல் அமெரிக்காவில் வந்த எல் டோரோ என்ற கோஸ்டரின் மரப் பாதையைத் தொழிற்சாலையிலேயே துல்லியமாக வெட்டிக் கொண்டுவந்து பூட்டினார்கள். 76 டிகிரி இறக்கம், முழுக்க மரப் பாதை.

எஃகுப்பாதை: சரி, ஆனால் அதில் ஒரு தலைகீழ் திருப்பம்கூட இல்லை. இன்னொன்று: நியூயார்க்கின் கோனி ஐலண்டில் உள்ள சைக்ளோன் கோஸ்டரின் தாங்குசட்டம் இரும்பு. 1927இலிருந்து ஓடும் அதை மட்டும் மரம் என்பீர்கள்!

மரச்சட்டம்: கட்டாயம் என்பேன். நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. சட்டம் இரும்பானாலும் சக்கரம் உருளும் பாதை மரம், அதனால் பயணம் மரக் கோஸ்டருடையது. ஸ்டீல் வெஞ்சென்ஸில் நேர் எதிர். சட்டம் மரம், உடம்புக்குத் தெரிவதெல்லாம் எஃகு.

எஃகுப்பாதை: பாதைதான் வகையைத் தீர்மானிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், எஃகுக் கோஸ்டர் என்றே எழுதுங்கள். ஆனால் மாற்றியது தவறு என்பதை ஏற்கமாட்டேன். மாற்றாமல் விட்டிருந்தால் அந்தச் சட்டங்களும் விறகாகியிருக்கும்.

மரச்சட்டம்: மீன் ஸ்ட்ரீக்குக்கு அது சரியாக இருக்கலாம். கிங்ஸ் ஐலண்ட் பூங்காவின் மரக் கோஸ்டரான தி பீஸ்ட்டுக்கு அந்த யோசனையே வேண்டாம். 1979இலிருந்து ஓடுகிறது, நீளம் 7,361 அடி. 2022 பருவத்துக்காகப் பாதையின் பல பகுதிகளைப் புதுப்பித்தபோதும் மரத்தாலேயே செய்தார்கள்.

எஃகுப்பாதை: பீஸ்ட்டைத் தொடவேண்டும் என்று நானும் சொல்லவில்லை.