விமானத்தை எந்த வண்டியில் ஏற்றுகிறீர்கள்?

கண்மாய்க்கரை (காரைக்குடி)

வண்டி மாற்றப் போகிறேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது.

ரிமோட்டில் பறக்கவிடுகிற மாதிரி விமானம் என்னுடையது. ஒரே துண்டு இறக்கை, 1.6 மீட்டர், முழுக்கப் பால்சா என்கிற லேசான மரம். எங்கள் வீட்டு வளவில் வைத்துக் கட்டியது. வளவில் எதை வைத்தாலும் சின்னதாகத்தான் தெரியும். காருக்குள் நுழைக்கப் போனபோதுதான் அதன் நீளம் தெரிந்தது. டிக்கியைத் திறந்து, பின் சீட்டை மடக்கி, முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே விட்டால் நுனி கியர் கம்பிக்கு மேலே வந்து நின்றது. பத்து கிலோமீட்டர்தானே என்று கிளம்பிவிட்டேன்.

குன்றக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பெரிய பிரேக்கூட இல்லை. இறக்கை அப்படியே முன்னால் சரிந்து டேஷ்போர்டில் முட்டியது. ‘சடக்’. ஒரே தடவைதான். வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்க மனமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து மகன்தான், “அப்பா, வெளியே ஒண்ணுமே தெரியலையே” என்றான். அதுதான் பயம். மேலே ஒட்டிய கவரிங் தாளில் ஒரு சுருக்கம்கூட இல்லை, உள்ளே நடுச் சட்டம் போயிருந்தது. நல்லா இருக்கிறது என்று நம்பிப் பறக்கவிட்டிருந்தால் முதல் திருப்பத்திலேயே ஆகாயத்தில் மடிந்திருக்கும். கீழே ஆடு மேய்க்கிறவர்கள் நிற்கிற கண்மாய் அது.

அந்தக் கார் வாங்கும்போது டிக்கி எத்தனை லிட்டர் என்று கேட்டுத்தான் வாங்கினேன். இறக்கைக்கு லிட்டர் கணக்கு எதற்கு ஆகும்? நீங்கள் எல்லாம் எதில் கொண்டுபோகிறீர்கள்?

பழைய ஆம்னி (தேவகோட்டை)

ஆம்னிதான். கம்பெனி 2019-இல் நிறுத்திவிட்டது, நான் விடவில்லை. பக்கக் கதவைத் தள்ளினால் விமானத்தின் பாடியை நிமிர்த்தாமல் சாய்க்காமல் அப்படியே உள்ளே வைக்கலாம். இட வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னுடையது வெயில் கதை.

வைகாசி மாதம், கானாடுகாத்தானில் கல்யாணம். காலையில் பறக்கவிட்டுவிட்டு அப்படியே போய்விட்டோம். சாப்பிட்டு, பழகியவர்களைப் பார்த்துப் பேசி, இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. வண்டிக்கு நிழல் இல்லை. திரும்பி வந்து கதவைத் தள்ளியதும் அனல் முகத்தில் அடித்தது. சிவப்புக் கவரிங் எங்கள் ஆயாவின் புறங்கைத் தோல் மாதிரி தளர்ந்து கிடந்தது. அதை இஸ்திரிப் பெட்டி வைத்து இழுத்துவிடலாம். ஃபோம் விமானத்தின் வால் கண்ணாடியில் சாய்ந்திருந்த இடத்தில் வளைந்திருந்தது. அதுவும் போகட்டும்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்திருந்த லைப்போ (விமானத்துக்குப் போடுகிற லித்தியம் பாட்டரி), வெள்ளைப் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஆம்னிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஓட்டி வந்த சூடு கீழே, வெயில் சூடு மேலே, நடுவில் முழுச் சார்ஜில் பாட்டரி. பந்தலில் கூட்டம், பிள்ளைகள் வண்டியைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். பந்தலுக்குக் கொட்டியிருந்த மணலை ஒரு வாளியில் அள்ளி, பாட்டரியை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஊரணிப் பக்கம் ஓடினேன். ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கும், “மாமா, வாளியில என்ன?” என்று கேட்டுக்கொண்டே கூட ஓடி வருகிறது. “வராதே போ” என்று கத்தினேன். அது அழுதுகொண்டு நின்றுவிட்டது.

பாட்டரி வெடிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் மட்டும் இன்னும் போகவில்லை.

செம்மண் (திருப்பத்தூர்)

கண்மாய்க்கரை அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி மேல் பழி போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1.6 மீட்டரை ஒரே துண்டாகக் கட்டியதுதான் தப்பு. நடுவில் கார்பன் குழாய் கொடுத்து இரண்டு துண்டாகக் கட்டினால் ஒரு பக்கம் 80 சென்டிமீட்டர்தான். எந்தக் காரிலும் பின் சீட்டிலேயே கிடக்கும். எனக்கு 2 மீட்டர் விமானம் இருக்கிறது. வேகன் ஆரில் பின் சீட்டில் ஒரு பாதியை மட்டும் மடக்கிப் பாடியை விடுகிறேன். மறுபாதியில் மகள் உட்கார்ந்து வருகிறாள்.

நமக்கு ஒரே ஒரு தடவை நடந்தது. முழுப் பரீட்சை லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் கண்மாய்க்குப் போய் எல்லாவற்றையும் இறக்கிவைத்த பிறகு பார்த்தால், அந்தக் கார்பன் குழாய் வீட்டில். இரண்டு இறக்கையும் பாடியும் தனித்தனியாகச் செம்மண்ணில் கிடக்கின்றன, காற்று ஒரு பொட்டு இல்லை, அவ்வளவு நல்ல காலை. போய் எடுத்து வருவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. இப்போது குழாய் வண்டியிலேயே கிடக்கிறது, வீட்டுக்குள் எடுத்துப்போவதே இல்லை.

கண்மாய்க்கரை (காரைக்குடி)

தம்பி, நீங்கள் சொல்வது புது விமானத்துக்குச் சரி. என்னுடையது பழைய வரைபடம். இறக்கை நடுவில் கோணம் கொடுத்து, இரண்டு பக்கமும் மேலே தூக்கி, கண்ணாடி இழைத் துணி போட்டு ஒட்டுகிற வகை. அதை வெட்டிக் குழாய் கொடுத்தால் எடையும் கூடும், நடுவில் பலமும் குறையும். விமானத்துக்கு ஏற்ற வண்டியைத்தான் தேடுகிறேன். வண்டிக்காக விமானத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

கிளைடர்க்காரி (பள்ளத்தூர்)

நான் கண்மாய்க்கரை அண்ணன் பக்கம்.

என் கிளைடர் 2.6 மீட்டர். இறக்கை மூன்று துண்டாகக் கழன்றாலும் நடுத் துண்டே ஆள் உயரம். சொந்த வண்டி ஸ்கூட்டி மட்டும்தான், அதனால் குட்டி யானை வாடகைக்குப் பிடித்தேன். தட்டில் பழைய மெத்தை, அதன் மேல் அப்பத்தாவின் நைந்த கண்டாங்கிச் சேலை, அதன் மேல் இறக்கை. டிரைவர் அண்ணன் சரக்கு என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயில்வே கேட்டில் நின்றோம். ரயில் போய்க் கேட் திறந்ததும் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், இவர் மட்டும் வண்டியை எடுக்காமல் இறங்கிப் பின்னால் வந்துவிட்டார். “இந்தத் தண்டவாளத்துல குதிக்கும்மா. நீ ஏறி ஒரு பக்கம் பிடிச்சுக்க, நான் உருட்டிக்கிட்டே போறேன்” என்றார். தட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் இறக்கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். நடை வேகத்தில் கடந்தார். பின்னால் இருந்தவர்கள் திட்டியது கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவர் பெயர் கேட்க மறந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த ஸ்டாண்டில் இரண்டு முறை தேடினேன்.

எக்செல் பயணி (கோட்டையூர்)

காரே இல்லாதவன் ஒருவனும் எழுத வேண்டும் அல்லவா. டிவிஎஸ் எக்செல்லில் மகன் பின்னால் உட்கார்ந்து 1.2 மீட்டர் ஃபோம் விமானத்தைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் எதிரே பஸ் ஒன்று வேகமாகக் கடந்தது. பின் பக்கம் சட்டென்று லேசானது. விமானத்தின் மூக்கு முன்னால் பார்த்து இருந்திருக்கிறது, இறக்கை அதன் வேலையைச் செய்துவிட்டது. பையன் அதை விடாமல் அப்படியே எழுந்து நின்றுவிட்டான். “விட்டுடுடா” என்று நான் கத்தியும் விடவில்லை. அவனுக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து விமானத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துத்தான் போகிறோம்.

திருகாணி (புதுவயல்)

எனக்குப் பெரிய கதை இல்லை. ஒரு தடவை ஈக்கோ வேனில் போகும்போது விமான இன்ஜினுக்கு ஊற்றுகிற எரிபொருள் கேன் மூடி தளர்ந்து, மெத்தனாலும் எண்ணெயும் சீட்டில் ஊறிவிட்டது. மனைவி அந்த வண்டியில் மூன்று வாரம் ஏறவில்லை. ஆனால் மேலே எழுதியதையெல்லாம் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அண்ணே, வண்டி பார்க்கப் போகும்போது உள்ளே எவ்வளவு இடம் என்று பார்க்காதீர்கள், கதவு எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். உள்ளே இரண்டு மீட்டர் இருந்தும் டிக்கி வாய் குறுகலாக இருந்தால் வால் நுழையாது. விமானத்தின் படுக்கை வால் ஒரு முழத்துக்கு மேலே அகலம், அதைச் சாய்த்து நுழைக்கும்போதுதான் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குகிற வால் மடல்) கம்பி வளையும். பின் சீட்டு மடிந்த பிறகு தரை சமமாக வருகிறதா, இல்லை படி மாதிரி நிற்கிறதா? படி இருந்தால் இறக்கை நடுவில் தொங்கும். தரை உயரமும் முக்கியம். கண்மாய்க்குள் இறங்குகிற பாதை மழைக்கு அப்புறம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கருவேல முள் வேறு, ஸ்டெப்னி இல்லாமல் இறங்கவே கூடாது.

வண்டிக்குள் தண்ணீர்க் குழாய் பிவிசியை வெட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோமை அதன் மேல் மாட்டினால் இறக்கை எவ்வளவு குலுங்கினாலும் தேயாது. இறக்கையைக் கட்டும்போது இறுக்கிக் கட்டாதீர்கள், நகராத அளவு போதும். ஆம்னிக்காரர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். லைப்போவை முழுச் சார்ஜில், செல்லுக்கு 4.2 வோல்ட்டில், வெயிலில் விடவே கூடாது. அன்று பறக்கப் போவதில்லை என்றால் 3.8-க்கு இறக்கிவைத்துவிடுங்கள். பறக்கவிட்டு முடித்ததும் பாட்டரி நம் கையோடு வர வேண்டும், கல்யாண வீடானாலும் சரி.

சீட்டை நிரந்தரமாகக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் போய் மாற்றி எழுத வேண்டும். மடக்குகிற சீட்டே போதும்.

செம்மண் (திருப்பத்தூர்)

முழத்தைக் கணக்கில் கொண்டுவந்தால் எப்படி? என் 2 மீட்டர் விமானத்தின் வாலே 70 சென்டிமீட்டர். அதையும் இரண்டு திருகில் கழற்றலாம், நான் கழற்றித்தான் வைக்கிறேன்.

கண்மாய்க்கரை (காரைக்குடி)

திருகாணி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, இறக்கை அளவுக்கு, நடுக் கோணமும் வைத்து ஒட்டினேன். பழைய கார் விற்கிற இடத்துக்கு அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். நாலு வண்டியில் நுழைத்துப் பார்த்தேன். மூன்றில் நுனி மடங்கியது. ஈக்கோவின் பக்கக் கதவில் விட்டால் எதிலும் படாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

மகன் உள்ளே ஏறி முன் சீட்டுக்கும் அட்டை நுனிக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தான். “அப்பா, நாலு விரல் கேப் இருக்கு” என்றான். இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன்.

புதன்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன்.