ராஸ்டரைஸ்: ‘கட்டமாக்கல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கோடுகளால் ஆன கணினி டிராயிங்கைச் சின்னச் சின்னச் சதுரங்களால் (பிக்சல்) ஆன படமாக மாற்றுவதுதான் ‘ராஸ்டரைஸ்’. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே வந்த ‘பரவலாக்கல்’, ‘புள்ளியாக்கல்’ என்ற இரண்டு பரிந்துரைகளும் எனக்கு ஒட்டவில்லை. ‘பரவலாக்கல்’ என்றதும் அதிகாரப் பரவலாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ‘புள்ளியாக்கல்’ பரவாயில்லை. ஆனால் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் செய்கிறவரிடம் புள்ளி என்றால், சிறிதும் பெரிதுமாக விழும் ஹாஃப்டோன் புள்ளியைத்தான் நினைப்பார். நாம் பேசும் படத்தில் எல்லாம் ஒரே அளவுச் சதுரம், நிறம் மட்டுமே மாறும்.

நான் கோவை கணபதியில் பம்ப் பாகங்களுக்கு டிராயிங் போடுகிறவன். போன மாதம் ஒரு இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) டிராயிங்கை, அதை வார்ப்பதற்கான மர மாதிரி (பேட்டர்ன்) செய்கிறவர் போனில் பார்க்க வேண்டும் என்றதால், அவசரத்தில் 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 சதுரம்) ஜேபெக் படமாக மாற்றி அனுப்பிவிட்டேன். ஏ4 தாள் அந்த அளவில் 842க்கு 595 சதுரம்தான். 0.25 மி.மீ. கோட்டுக்கு ஒரு முழுச் சதுரம்கூடக் கிடைக்காது. நடு அச்சைக் காட்ட விட்டுவிட்டுப் போடும் சென்டர் லைனின் இடைவெளிகள் மூடிக்கொண்டன. 136 என்ற அளவு 138 போலத் தெரிந்தது. அவர் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டுக் கேட்டதால் மரம் தப்பியது. அதே தாளை 300 டிபிஐயில் பிஎன்ஜியாக மாற்றினேன்: 3508க்கு 2480. இப்போது அந்தக் கோடு மூன்று சதுர அகலம் எடுத்துக்கொண்டது, எண்களும் தெளிந்தன.

கேட் (CAD, கணினியில் டிராயிங் போடும் மென்பொருள்) கோப்பில் இருப்பவை எண்கள்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, இந்தத் தடிமனில் என்ற கணக்கு. படமாக மாற்றும்போதுதான் எந்தச் சதுரத்தைக் கறுப்பாக்குவது என்ற கேள்வி வருகிறது. ஐபிஎம்மில் இருந்த பிரெசன்ஹாம் 1965இல் வெளியிட்ட முறை இதற்குப் பேர்போனது. சாய்ந்த கோட்டில் அடுத்த சதுரம் நேரேயா, ஒரு படி ஏறியா என்பதை முழு எண்களைக் கூட்டிக் கழித்தே முடிவு செய்துவிடும்.

இதே வேலையைச் சென்னிமலையில் ஜக்கார்டு போர்வைக்கு டிசைன் போடுகிறவர் கையால் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கிராப் தாளில் மாங்காயின் வளைவைப் பென்சிலால் இழுத்துக்கொண்டு, அப்புறம் கட்டம் கட்டமாக வண்ணம் அடைப்பார். நெடுக்கில் பாவு, குறுக்கில் ஊடை. வளைவு படிக்கட்டாகத்தான் இறங்கும். கோடு பாதி தொட்ட கட்டத்தில் பிரஷ்ஷை வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்தை அடைத்தார். அந்த ஒரு முடிவைத்தான் நம் சொல் சொல்ல வேண்டும்.

ஆகவே, ராஸ்டரைஸ் செய்வது ‘கட்டமாக்கல்’. கட்டமாக்கு, கட்டமாக்கிய படம், கட்டமாக்கி என எல்லா வடிவமும் இயல்பாக வருகிறது. ராஸ்டர் படத்தைக் ‘கட்டப்படம்’ என்று சொல்லிப் பார்த்தேன். வேகமாகப் படித்தால் ‘கட்டப்படும்’ என்று கண் ஓடுகிறது. ‘கட்டவுரு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. கேட் கோப்பு போலக் கோடுகளைக் கணக்காகவே வைத்திருக்கும் வெக்டார் படத்துக்குக் ‘கோட்டுரு’. வெக்டாருக்குப் பள்ளிப் பாடத்தில் வரும் ‘திசையன்’ விசைக்கும் திசைவேகத்துக்கும் பொருந்தும், டிராயிங் போடுகிறவருக்கு அது எதையும் காட்டாது. டிபிஐ என்பது ‘கட்டச்செறிவு’. “கட்டச்செறிவு 300 வைத்துக் கட்டமாக்கி அனுப்புங்க” என்று எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் சொன்னேன். மறு கேள்வி கேட்காமல் செய்துவிட்டான்.

இடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய புளூபிரிண்டைத் திரும்பக் கோடுகளாக மாற்றுவதற்குக் ‘கோடாக்கல்’ என்றால், நிரல் எழுதுகிறவர் ‘கோடிங்’ என்று எடுத்துக்கொள்வாரோ? ‘கோடெடுத்தல்’ என்று வைக்கலாமா? டிரேஸ் தாளில் கை வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.