மறு: சப்ளிஷனுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்? ஃபெர்ரேவ வச்சு ஒரு யோசனை

வணக்கம்,

ஒரே சொல்லோட வடிவங்கள் வேற வேற வேர்லருந்து வர்றதுக்கு மொழியியல்ல சப்ளிஷன்னு (suppletion) பேரு, அதுக்குத் தமிழ்ச்சொல் தேடுற பேச்சுக்கு என் பதில் இது.

> லத்தீன்ல நிரப்புறதுன்னுதானே அர்த்தம், "நிரப்பீடு"ன்னே வச்சுடலாமே

மூலம் அதுதான், ஆனா நிரப்பீடுன்னு கேட்டா பேங்க்ல ஃபாரம் நிரப்புறதுதான் ஞாபகம் வருது, ஒரு வினையோட இறந்தகாலத்துக்கு வேற வினையோட வேர் வந்து உக்காந்துக்குற சங்கதி அதுல எங்கயும் தெரியல. 1899ல ஹெர்மன் ஆஸ்தோஃப்ங்குற ஜெர்மன் மொழியியலாளர் இதப் பத்தி விரிவா எழுதுனப்ப படிச்சவங்க லத்தீன் தெரிஞ்சவங்க, நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல.

எந்தச் சொல்ல எடுத்தாலும் ஃபெர்ரேங்குற லத்தீன் வினைக்குப் பொருந்துதான்னு பாத்துட்டு வைங்கங்குறது என் கட்சி. சுமக்குறது, கொண்டுவர்றதுன்னு அர்த்தம். ஃபெரோன்னா சுமக்கிறேன், ஃபெர்ரே சுமக்க, துலி சுமந்தேன், லாத்துஸ் சுமக்கப்பட்ட. லத்தீன் படிக்கிற பசங்க ஃபெரோ, துலி, லாத்துஸ் மூணும் ஒட்டும் உறவும் இல்லாத மூணு வேருன்னு நெனச்சு உருப்போடுவாங்க, ஆனா நெஜத்துல ரெண்டு வேர்தான். ஃபெரோ ஒண்ணு, சமஸ்கிருத பரதி, இங்கிலீஷ் பேர் (bear, சுமக்குறது) எல்லாம் அதுக்குப் பங்காளி, நாம சொல்ற பாரமும் சமஸ்கிருதம் வழியா அங்கருந்து வந்ததுதான். துலியும் லாத்துஸும் இன்னொரு வேர், தூக்குறதுங்குற பொருள், லாத்துஸ் முன்னாடி த்லாதோஸா இருந்து மொத எழுத்து உதிர்ந்துடுச்சு. நம்ம துலாக்கோல்ல இருக்குற துலாவும் அதே வேர்தான் (ஆக பாரமும் துலாமும் லத்தீன்ல ஒரே வினைக்குள்ள குடித்தனம் நடத்துது!).

இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா துலி பொறந்த வீடு தொல்லோங்குற வினை, தூக்குறேன்னு அர்த்தம். பழைய லத்தீன் நாடகாசிரியர் ப்ளாட்டஸோட நாடகங்கள்ல தெதுலின்னு பழைய வடிவம்கூட இருக்கு. துலிய ஃபெரோ கொண்டுபோயிட்டதால தொல்லோவுக்கு இறந்தகாலம் இல்லாமப் போயி அது சுஸ்துலின்னு முன்னொட்டு போட்ட ஒண்ண வச்சு ஒப்பேத்திக்கிச்சு, அதுவும் அதே துலிதான்.

இங்கிலீஷ்ல ட்ரான்ஸ்ஃபரும் ட்ரான்ஸ்லேட்டும், ரெஃபரும் ரிலேட்டும் ரெண்டு ரெண்டா நிக்கிறது இதனாலதான், ஒண்ணு ஃபெரோவுலருந்து, இன்னொண்ணு லாத்துஸுலருந்து. அப்லேட்டிவ்னு ஒரு வேற்றுமை படிக்கிறோமே, அதுவும் "எடுத்துட்டுப் போன"ங்குற லாத்துஸ்தான், நம்ம அஞ்சாம் வேற்றுமையோட நீங்கல் பொருளுக்கு ரொம்பப் பக்கம்.

> வேர்த்திரிபு போதாதா?

போதாதுங்க. நம்ம இலக்கணத்துல திரிதல்னா ஒண்ணே இன்னொண்ணா மாறுறது. வா, வரு, வந்தான் எல்லாம் அப்படித்தான், வேர் ஒண்ணு. ஃபெரோ துலியாத் திரியல, அதோட எடத்துல துலி நிக்குது. இங்கிலீஷ் கோ, வென்ட் அப்படித்தான், வென்ட்ங்குறது (went) வெண்ட்னு (wend) இருந்த வேற வினையோட இறந்தகாலம். தமிழ்லயே வேணும்னா "காசு உண்டா?" "இல்ல" பாருங்க, உள் வேற, இல் வேற.

அதனால என் பரிந்துரை "வேற்றுவேர்". வேற்றுவேர்வினை, வேற்றுவேர்ப்பெயர்னு நீட்டலாம், நிகழ்வுக்கு வேற்றுவேரேற்பு.

---

> வேற்றுவேர்

ஐயா, துலிய தொல்லோகிட்ட இருந்து வாங்குனதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப "இரவல்வேர்" இன்னும் பச்சுனு ஒட்டுமே?

---

அதையும் யோசிச்சேங்க. ரெண்டு சிக்கல். இரவல்னா மாணவர்கள் கடன்சொல்லோட கொழப்பிப்பாங்க, இது ஒரு மொழிக்குள்ளயே நடக்குற விஷயம். அப்புறம் எல்லா எடத்துலயும் யார் குடுத்தா யார் வாங்குனான்னு சொல்ல முடியாது, குட், பெட்டர்ல எது யாருக்கு இரவல்? வேற்றுவேர்னா ரெண்டும் வேறன்னு மட்டும் சொல்லுது, வரலாற்றுக்குள்ள போகல. வேற்றுவேரேற்பு வாயில நுழையலன்னா அத விட்டுடுங்க, எனக்கு வருத்தமில்ல, வேற்றுவேர்வினை மட்டும் கலைச்சொல் பட்டியல்ல ஏறட்டும்.