கொட்டியாரக் குடாக் கரைவலைப் பாடுகள்: முதுமாணி ஆய்வை எப்படிச் சுருக்குவது?

சேனையூரான்:
பொதுவள ஆளுகையில் (பலர் சேர்ந்து பாவிக்கிற வளத்தை நிர்வகிக்கிற முறை) முதுமாணி ஆய்வேடு செய்யிறன். திருகோணமலைக் கொட்டியாரக் குடாவின் கரைவலைப் பாடுகளில் (கரையிலிருந்து வலை வளைத்து இழுக்கிற இடங்கள்), பொதுவளம் நீடித்து நிற்க எலினோர் ஓஸ்ட்ரம் சொன்ன எட்டுக் கோட்பாடுகளும் இருக்கா என்று பார்க்க யோசனை. களவேலைக்கு 4 மாதம்தான். குடா முழுக்க எடுக்கலாமோ? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

கரைக்காரி:
முழுக்க வேண்டாம் தம்பி. அடுத்தடுத்துள்ள 3, 4 பாடு போதும். பக்கத்துப் பாட்டு வலை மீனை மறிக்கிற இடத்தில்தான் தகராறு கிளம்பும், விதியும் அங்கேதான் வெளியே தெரியும்.

எட்டுக்கும் சரி, பிழை போட்டால் அது ஆய்வாகாது. ஷ்லாகரும் ஓஸ்ட்ரமும் 1992 இல் பிரித்த 5 உரிமைகளை எடுங்கோ: நுழைதல், எடுத்தல், முகாமை செய்தல், பிறரை விலக்குதல், விற்றல். சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்), பங்குக்குக் கயிறு இழுக்கிறவர், பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுறவர், இவர்களில் யாருக்கு எது இருக்கு என்று பாட்டுக்கு ஒரு தாள் போடுங்கோ. அனுமதிப்பத்திரம் சம்மாட்டி பெயரில், இழுக்கிறவருக்கு மீனில் பங்கு மட்டும் என்றால், "பாவிக்கிறவர்களே விதி வகுக்கிறார்கள்" என்று எழுத ஏலாது.

சேனையூரான்:
நன்றி அக்கா. நேர்காணலில் என்ன கேட்க?

வாடைக்காற்று:
முதலில் காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிப்பு, அப்ப போனால் வலை வளைக்கிறதைக் காண்பது அரிது. மார்ச்சுக்குப் பிறகு இறங்குங்கோ.

"விதி என்ன?" என்று கேட்டால் அழகான விதி ஒன்று சொல்லுவினம். "கடைசியாக முறை (வலை போடுகிற வரிசை) மாறி வளைத்தபோது எங்கே பேசித் தீர்த்தீர்கள், என்ன தண்டம்?" என்று கேளுங்கோ. ஆட்களுக்குப் பெயரல்ல, குறியீட்டு எண். பிறகு வாய்ச்சொல், கடற்றொழிலாளர் சங்கக் கூட்டக் குறிப்பு, 1984 கரைவலை ஒழுங்குவிதி மூன்றையும் பக்கத்தில் வையுங்கோ. ஒத்துவராத இடத்தில்தான் உங்கள் அத்தியாயம் இருக்கு.

ஒவ்வொரு வளைப்புக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இழுத்த ஆட்கள், கிலோ, விலை, செலவு கழித்த பங்கு எழுதுங்கோ. மடி (வலையில் மீன் சேருகிற பை) கரையேறின உடனே கறிக்கென்று எடுக்கிற மீன் நிறுவைக்கு வராது. அதைத் தனி நிரலில் போடாவிட்டால் இழுக்கிறவரின் வருமானம் குறைத்துக் காட்டும்.

கரைக்காரி:
ஒப்பீட்டுக்கு ஓஸ்ட்ரம் 1990 நூலில் எழுதின மாவெல்ல என்ற தென்னிலங்கைக் கரைவலைக் கிராமம் கட்டாயம். அங்கேயும் முறை வைத்தே வளைத்தார்கள், ஆனால் புது வலைகள் சேர்வதைத் தடுக்க முடியாமல் வலைக்குரிய வரும்படி கரைந்தது. ஆகவே முறைப் பட்டியலைக் கண்டதும் ஆளுகை நல்லது என்று முடிவெடுக்காதேங்கோ. வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துறது யார் என்று முதல் நேர்காணலிலேயே கேளுங்கோ. உழவு இயந்திர வின்ச்சால் (கயிறு சுற்றி இழுக்கிற பொறி) இழுக்கிற பாடு இருந்தால் அதையும் சேருங்கோ, ஆள் குறையப் பங்குக் கணக்கே மாறும்.