சிரமதானத்துக்கு ஒரு லாண்ட்மாஸ்டரும், பனையோலைப் பிளா கோலத் தெரிந்த கைகளும் தேவை

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். மாரி மழை தொடங்க முன்னம், வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குக் யாழ்ப்பாணம் கொழும்புத்துறைக் கரையோரத்தில் குப்பை அள்ளச் சிரமதானம் (கூலியில்லாமல் எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுவேலை) செய்ய யோசித்திருக்கிறோம். ஆட்கள் இருபது பேர் வரை சேர்ந்துவிட்டார்கள். மண்வெட்டி, கடகம் எல்லாம் அயலுக்குள் எடுக்கலாம். பிரச்சினை குப்பையை ஏற்றுவதில்தான்.

போனமுறை சாக்குச் சாக்காகக் கட்டி றோட்டோரம் வைத்தோம். வருவதாகச் சொன்ன வண்டி மூன்று நாள் வரவில்லை. நாய்கள் கிழித்து, காற்று அள்ளி, பாதி திரும்பவும் கடலுக்கே போய்விட்டது. அதனால் இந்தமுறை யாராவது அரைநாளைக்கு லாண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு மெசின்) தந்தால் பெரிய உதவி. டீசல் காசு நாங்கள் தருவோம்.

கரையில் கூடுதலாகக் கிடப்பது அறுந்த நைலோன் வலைகள்தான். கண்டல் மர வேர்களில் சுற்றிக் கிடக்கும், கையால் இழுத்தால் வராது. நல்ல கத்தியும் தடித்த கையுறையும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சிரட்டை, யோகட் கப், பழைய டயர் கண்டால் விடவேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது போதும்.

வேலை முடிய ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ். நண்டும் இறாலும் பாசையூர்ச் சந்தையில் வாங்குவோம், ஒடியல் மா ஒரு அக்கா தருகிறார். குப்பை பொறுக்கிவிட்டு பிளாஸ்டிக் கோப்பையில் கூழ் குடிப்பது வெட்கக்கேடு, அப்புறம் அதையும் நாங்கள்தானே பொறுக்க வேண்டும்! கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா (ஓலைக் கோப்பை) கோலத் தெரிந்த பெரியவர்கள் யாராவது சனி பின்னேரம் வந்து பெடியளுக்குப் பழக்குவீர்களா? ஓலை வெட்டி வைக்கிறோம்.

முடிந்தவர்கள் வெள்ளிக்கு முன் கீழே எழுதுங்கள்.